ஒன்பதாவது தூண்

கானாடுகாத்தானில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டின்
வளவில் எட்டுத் தூண்கள். பர்மாத் தேக்கு.
ஒன்பதாவது எங்களுடையது:
தெர்மக்கோல், சாயம், மேலே ஒரு கை வார்னிஷ்.
வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அடைக்கப்பனே
தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்.
"ஒங்க தூணை மட்டும் ஒடைங்க" என்று
ஒன்பதையும் ஒருமுறை எண்ணிவிட்டு
டீ குடிக்கப் போனார்.

இரண்டாங்கட்டில், பழைய பித்தளை அண்டாக்களுக்கு நடுவே
லேப்டாப்போடு நான். ஸ்பாட் எடிட்டர்.
அங்கே அவர்கள் அடிக்க அடிக்க
இங்கே நான் வெட்ட வேண்டும்.

ஹீரோவின் முட்டிக்கும் லூர்துநாதன் தாடைக்கும் நடுவே
ஒரு சாண் காற்று.
இலியாஸ் நீள லென்ஸைப் போட்டு
அந்தச் சாணை நசுக்கிவிடுவான்.
மிஞ்சும் விரற்கடை என் பொறுப்பு.
கை கிளம்பும்.
போய்ச்சேரும் முன் ஆறு பிரேமைப் பிடுங்கி எறிவேன்.
அடுத்த ஷாட்டில் தலை ஏற்கெனவே திரும்பியிருக்கும்.
நடுவில் விழுந்த அடியைக் கண்ணால் பார்த்ததாக
ஒரு தியேட்டரே சத்தியம் செய்யும்.

பன்னிரண்டு வருஷம்.
எத்தனை வில்லன்களின் பல்லை உதிர்த்திருக்கிறேன்.
நிஜத்தில் ஒரு கொசுவைக்கூட
ஒழுங்காய் அடிக்க வராது எனக்கு.

மூன்றாம் நாள் வெயில் இடம் மாறியது.
கேமராவைத் தூக்கி எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோனார்கள்.
"கோட்டைத் தாண்டிட்டீங்க, சார்,
இடது வலதாயிடும்" என்றேன் வாக்கிடாக்கியில்.
"எடிட்ல பாத்துக்கலாம்" என்றார் டைரக்டர்.

எதைத்தான் எடிட்டில் பார்த்துக்கொள்ளவில்லை நாங்கள்.

"ரைட்ல போய் மோது" என்றார் சிங்காரம் மாஸ்டர்.
யாருடைய ரைட்?
காலையிலிருந்து பதினாலு முறை ஓடிப் பழகிய கால்கள்
பழகிய பக்கமே ஓடின.
எட்டில் ஒன்று
லூர்துநாதனை வாங்கிக்கொண்டது.

இரவு அந்த டேக்கைப் போட்டுப் பார்த்தேன்.
ஓடுகிறான். நிற்கிறான்.
அவ்வளவுதான்.
தூள் பறக்கவில்லை, தூண் அசையவில்லை.
முருங்கைக்காயை முறித்தாற்போல் ஒரு சின்னச் சத்தம்,
அதன் பாதியைப் புறாக்களின் இறக்கை மூடிவிட்டது.
காறை எலும்பு.
பிறகு ஆத்தங்குடிக் கல்லின் மஞ்சள் பூவில்
கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்கிறான்,
குளிர்ச்சியாய் இருக்கிறது என்பதுபோல.

பின்னால் நின்று பார்த்த புது அசிஸ்டென்ட்
விஷயம் தெரியாமல் சொன்னான்:
"பவர் இல்லக்கா, பொய்யாத் தெரியுது."
எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

மதுரையிலிருந்து வேறொருவன் வந்து
ஒன்பதாவது தூணை உடைத்தான்.
அதுதான் அடி!
நொடிக்கு நூற்றிருபது பிரேமில் வெள்ளைத் தூள் மலர,
முழுப் பூசணியைச் சிமென்ட்டில் போட்டுடைத்த
சத்தத்தை அடியில் வைத்தேன்.
எல்லாம் இருந்தது, முகம் மட்டும் இல்லை.
மதுரைக்காரன் வலிக்கு முன்பே வலித்தான்.

பழைய டேக்குக்குப் போனேன்.
மோதியதற்கும் வலி வந்து சேர்வதற்கும் இடையே
பதினோரு பிரேம்.
அதில் அவன் தூணைப் பார்க்கவில்லை.
நேராக லென்ஸைப் பார்க்கிறான்,
சரியாச் செஞ்சேனா என்று.

எடுத்து, திசை பொருந்த
இடவலமாய்த் திருப்பி ஒட்டினேன்.
இடக்கன்னத்து மச்சம் வலக்கன்னத்துக்குப் போனது.
ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்,
சவரம் செய்யும் கண்ணாடியில்
தினமும் அந்த முகத்தைப் பார்க்கிற
ஒருவனைத் தவிர. அவனுக்கும்
அது பழகிய முகமாகவே தெரியும்.

காரைக்குடி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.
"அக்கா, ஷாட் ஓகேவா?"
ஓகே என்றேன்.
எந்த ஷாட் என்று அவன் கேட்கவில்லை.

காலையில் அடைக்கப்பன் வந்தார்.
எங்கள் தூணைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.
மிச்சத்தை எண்ணினார். எட்டு.
வடக்கோரத் தூணில், தோள் உயரத்தில்,
துண்டு நுனியால் அழுத்தித் துடைத்து
வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தார்.
"ஒரு கீறல் இல்ல" என்றார்,
சந்தோஷமாக.